என் வரியில் தூக்கிய கை

போன மாதம் போளூரிலிருந்து மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பெரிய போன். ஏறியதிலிருந்து தேர்தலைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்திலிருந்தவர் கேட்கிறாரா தூங்குகிறாரா என்று கூடப் பார்க்கவில்லை.

"வரி கட்றவனுக்கு மட்டும்தாங்க ஓட்டு இருக்கணும். ஒத்த ரூபா வரி கட்டாதவன்லாம் வந்து பட்டனை அமுக்கிட்டுப் போய்ட்றான். அப்புறம் நாடு எப்டிங்க உருப்படும்?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு. "ஏன் சார், நாங்க சோப்பு வாங்கறோம், செருப்பு வாங்கறோம், அதுல வரி இல்லியா?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அது வேறம்மா. கையால எடுத்துக் கட்டணும். காசு போட்டாத்தான் பொறுப்பு வரும், நம்ம பேச்சுக்கும் ஒரு மதிப்பு வரும்" என்றார்.

நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்த குழந்தை வாந்தி எடுக்க, அந்தத் தாய்க்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போய்விட்டேன். மனுஷன் தப்பித்தார்.

ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் அவர் பேச்சு என்னை விடவில்லை. அதைக் கிறுக்குத்தனம் என்று தூக்கிப் போட மற்றவர்களால் முடியும். என்னால் முடியாது. அதையே நானும் நம்பியிருந்தேன். வருஷா வருஷம் சாமையும் பணமுமாக வரி கட்டி, அதனால் எனக்கும் ஊரில் ஒரு வாய் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவள் நான்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது. இங்கே இரண்டு ஓட்டு உண்டு. ஒன்று அரசாங்கத்து ஓட்டு. பள்ளிக்கூடத்தில் மெஷின் வைப்பார்கள், அட்டையைக் காட்டினால் விரலில் மை வைத்து அனுப்பிவிடுவார்கள். நீ வரி கட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. இன்னொன்று, கோயில் முன்னால் ஊர்க்கூட்டத்தில் தூக்குகிற கை. அதற்கு வரி வைத்திருக்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு படி சாமை, அதன் மேல் பணம். கோயிலில் அதை வாங்கிக்கொண்டால் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு கை. கை இல்லாதவர் கூட்டத்தில் நிற்கலாம், கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

சட்டசபைக்கு யார் போவது என்பது மெஷினில் முடிவாகும். ஊற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புவது, ஊர்ப் புளிய மரங்களை யாருக்குக் குத்தகை விடுவது, யார் நிலத்தின் மேல் யாருக்கு வழி என்பதெல்லாம் கையில் முடிவாகும். எங்களுக்கு இந்த இரண்டில் எது பெரிது என்று நான் விளக்க வேண்டுமா?

நான் புருஷனை விட்டு வந்தவள். ஏன் விட்டேன் என்ற கதை இங்கே வேண்டாம். விட்டதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கைக்குழந்தையோடு மலையடியில் சந்தவாசலில் வந்து இறங்கியபோது அண்ணன்தான் காத்துக்கொண்டிருந்தார். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு, "நட, வூட்டுக்குப் போலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணனுக்கு உயிரையே கொடுத்திருப்பேன்.

சாகும்போது அப்பா எனக்கென்று சொல்லிவிட்டுப் போன நிலத்தை அண்ணன்தான் கல் நட்டுப் பிரித்துக் கொடுத்தார். சரிவில் ஒரு சாமைக் கொல்லை, மேட்டில் காய்க்கிற புளிய மரம் ஒன்று, ஓரமாக வீடு கட்ட இடம். சுவர் எழுப்ப அண்ணனே கல் சுமந்தார். அதன் பிறகுதான் எனக்கு அங்கன்வாடி வேலை கிடைத்தது. கொல்லையும் மரமும் வயிற்றுக்கு, சம்பளம் மகள் படிப்புக்கு என்று ஒருவழியாக நிமிர்ந்துவிட்டேன்.

வந்த வருஷத்து ஆடியிலேயே அண்ணனிடம் கேட்டேன், நானும் வரி வைக்கிறேன் என்று.

"உனுக்கு எதுக்கும்மே அதெல்லாம்?" என்றார்.

"எனுக்கும் தனியா அடுப்பு எரியுதுல்ல? அப்ப நானும் ஒரு தலைக்கட்டுதான். எனுக்கும் ஒரு கை வேணும்ணா."

அண்ணன் சிரித்தார். "சரி, குடு. உன்னுதையும் சேத்து நானே வெச்சிட்றேன்" என்றார். வரி வாங்கும்போது பெண்கள் கோயில் முன்பக்கம் போவதில்லை, பின்பக்கம் பொங்கல் வைப்போம். அதனால் அதை நான் தவறாக நினைக்கவே இல்லை. தலை தட்டாமல் கூம்பாக அளந்து, மேலே பணம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான்.

கூட்டம் வந்தால் அண்ணனிடம் என் எண்ணத்தைச் சொல்லி அனுப்புவேன். ஒருமுறை தண்ணீர்க் குழாய் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. "பால்வாடி பக்கம் வரணும்ணா, புள்ளைங்க தண்ணிக்கு அலையுது. என் கையை அதுக்குத் தூக்கு" என்றேன். குழாய் அங்கேயே வந்தது. "உன் கைதான் ஜெயிச்சிச்சு, போ" என்று அண்ணன் கேலி செய்தார். ஒவ்வொரு முறை அந்தக் குழாயில் குடம் வைக்கும்போதும் எனக்கு ஒரு பெருமை. இதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிறகு ரோடு வந்தது. எங்களுக்கும் மேலே ஒரு சின்ன ஊர் இருக்கிறது, மேலூர் என்போம். அங்கே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே வரைக்கும் தார் ரோடு போடுவதாக அதிகாரி வந்து அளந்தார். எங்கள் ஊர் முனையில் ஒரு வளைவு. அந்த வளைவைத் தாண்ட இரண்டே வழி. கிழக்கே போனால் அண்ணன் நிலம் போகும். மேற்கே போனால் என் கொல்லை இரண்டாகப் பிளந்து, மரமும் போகும். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்களே ஊர்ல பேசி ஒரு முடிவு சொல்லுங்க" என்று அதிகாரி கைகழுவிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மேலூர்ப் பிள்ளைகள் என் அங்கன்வாடிக்குத்தான் வருகிறார்கள், அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா? கிழக்கே போனால் அண்ணனுக்கு ஒரு ஓரம்தான் போகும், மிச்ச நிலம் துண்டாகாமல் ஒரே தாக்காக நிற்கும். எனக்கு இருப்பதே அவ்வளவுதான். அது போனால் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் கைவைக்க வேண்டும். மகள் அப்போது திருவண்ணாமலையில் நர்சிங் சேர்ந்திருந்தாள். இதைத்தான் கூட்டத்தில் சொல்வதாக இருந்தேன். அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

முந்தின நாள் அண்ணன் வந்தார். "கூட்டத்துக்கு நீ எதுக்கு வர்ற? நான் பாத்துக்கறேன்" என்றார்.

"இதுல நீயும் நானும் எதிரெதிர்ண்ணா. என் கையை இந்த ஒரு வாட்டி நானே தூக்கிக்கறேன். கோச்சிக்காத" என்றேன்.

நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அண்ணன் எழுந்து போனார். அண்ணன் மனசு கஷ்டப்பட்டிருக்குமோ என்று நான் வேறு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டம் நடந்தது. ஊர்ப் பெரியவர், வரி வாங்குகிறவரும் அவர்தான், எழுந்து இரண்டு வழியையும் சொன்னார். மேற்கே போகட்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். கைகள் எழுந்தன. அண்ணனும் தூக்கினார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் நிலத்தை அவர் காப்பாற்றிக்கொள்கிறார். ஆனால் அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"இன்னாண்ணா, ரெண்டு கை?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

ஊர்ப் பெரியவர்தான் பதில் சொன்னார். "ஒண்ணு அவரு, ஒண்ணு அவரு பையன். பையன் திருப்பூர்ல வேலைக்குப் போயிருக்கான்ல? அப்பா தூக்கறாரு."

"கல்யாணம் ஆவாத பையனுக்கு ஏதுங்க தலைக்கட்டு?"

"வரி வெக்கிறானேம்மா. இத்தினி வருசமா உங்க அண்ணன் ரெண்டு படி வெச்சிக்கினுதானே வர்றாரு? ஒண்ணு அவருக்கு, ஒண்ணு பையனுக்கு."

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டேன். "ஐயோ சாமி, அந்த ரெண்டாவது படி என்னுதுங்க!" என்று கத்தினேன். "நான் அளந்து குடுத்தது. என் தலைக்கட்டுக்கு நான் கட்டின வரி!"

கூட்டம் சளசளவென்று பேச ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர் அண்ணனைப் பார்த்தார். "இன்னாப்பா, தங்கச்சி சொல்றது நெசமா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடுத்துச்சு. இல்லேன்னு சொல்லல. அது சாமிக்குக் குடுத்த காணிக்கைங்க. வரி இல்ல."

காணிக்கை! காணிக்கைக்குக் கை கிடையாது. அது யார் வேண்டுமானாலும் போடலாம், போனால் போனதுதான். என் வீட்டு அடுப்பை, என் இத்தனை வருஷத்தை, ஒரே வார்த்தையில் அண்ணன் உண்டியலில் போட்டுவிட்டார்.

"வரி இல்லேன்னா பேசக் கூடாதும்மா. செத்த ஒதுங்கி நில்லு" என்றார் பெரியவர். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, தணிவாகத்தான் சொன்னார். நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்த அத்தனையும் சொல்லாமலே போனது. மேற்கு என்று முடிவாயிற்று.

அந்த ஒரு கையால்தான் தோற்றேனா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பக்கம் கைகள் தாராளமாகவே இருந்தன. அண்ணனுக்கு மாமன் மச்சான் உறவு ஊர் பூராவும் உண்டு. என் கை இருந்து, நான் வாய் வலிக்கப் பேசியிருந்தாலும் தோற்றிருக்கலாம். தோற்றால் தோற்றேன் என்று அழுதுவிட்டு எழுந்திருப்பேன். என் சாமையை வாங்கி, அதில் ஒரு கையைச் செய்து, அதையே என் கழுத்தை நெரிக்கத் தூக்கியதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. பஸ்ஸில் வந்தவர் சொன்ன மாதிரி நானும் காசு போட்டுத்தான் பேச்சை வாங்கினேன். வாங்கின சாமான் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற எதையும் இன்னொருவர் நடுவில் தட்டிக்கொண்டு போக முடியும் என்று அந்த மனுஷருக்கு யார் சொல்வது?

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடுப்பை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு" என்றேன். வேறெதுவும் வரவில்லை.

"மொத வருசம் உன் பேரச் சொல்லித்தாம்மே வெச்சேன்" என்றார். "வாங்க மாட்டேன்னுட்டாங்க. புருசன வுட்டுட்டு வந்தவளுக்கு ஏது தலைக்கட்டுன்னு கேட்டாங்க. நானும் சண்டை போட்டுப் பாத்தேன். நீ அழுதுக்கினு வந்து ஆறு மாசம்கூட ஆவல. உன்கிட்ட வந்து அத எப்டி சொல்றது? திருப்பி எடுத்துக்கினு வந்தா நீ கேப்ப. அதான் பையன் பேர்ல வெச்சிட்டேன். சின்னப் பையன்னாலும் ஆம்பளைதானேன்னு வாங்கிக்கினாங்க."

அது பொய்யில்லை. அண்ணன் முகம் எனக்குத் தெரியும். அந்த முதல் வருஷம் எனக்காகத்தான் மறைத்திருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே காலில் விழுந்து எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"சரிண்ணா. மொத வருசம் எனக்காக. அதுக்கப்பறம்?"

அண்ணன் கட்டில் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

"குழாய் விசயத்துல என் கையைத் தூக்குனேன்னியே?"

"பையன் கைய அதுக்குத்தான் தூக்குனேன். நீ சொன்னதுக்குத்தான்."

"அப்ப நேத்து?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து என் நெலம் போயிருக்கும்மே" என்றார்.

அவ்வளவுதான். மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சண்டை போடலாம் என்று போனவள் சண்டை போடாமலே திரும்பி வந்தேன்.

கலெக்டருக்கு மனு போடு என்று மகள் போனில் குதித்தாள். பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. எந்த மனு போட்டாலும் அண்ணன் வந்து இது தங்கச்சி பங்கு என்று சொல்ல வேண்டும். அந்த வாயை நம்பி இனி எந்த ஆபீஸ் படி ஏறுவது? ஜேசிபி வந்தது. புளிய மரம் காய் பிடித்திருந்த சமயம். கிளையெல்லாம் பிஞ்சு. மரம் சாய்ந்தபோது நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. ஊரே சம்மதித்துக் கொடுத்த இடம் என்பதால் நஷ்ட ஈடு என்ற பேச்சு எழவே இல்லை. இப்போது மேலூருக்கு ஆம்புலன்ஸ் போகிறது. நல்லதுதான், நான் வயிறெரியவில்லை. மகளுக்குப் பணம் கட்டத்தான் தாலியில் கிடந்த குண்டுமணித் தங்கத்தையும் விற்றேன். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அடுத்த ஆடி வந்தது. திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஊர்ப் பெரியவர் அங்கன்வாடிக்கே வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஊர்ல பேசினோம்மா. பாவம், இத்தினி வருசம் கட்டியிருக்க. இந்த வாட்டி நீயே கொண்டாந்து வெய்யி. உன் பேர்லயே வாங்கிக்கறோம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. நிலம் போனது போகட்டும், இனி அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். மிஞ்சிய கொல்லையில் அந்த வருஷம் விளைந்தது கொஞ்சம்தான். கடையில் வாங்கிக் கலக்காமல் அதிலேயே ஒரு படி அளந்தேன். தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். வரி வாங்குகிற நேரத்தில் கோயில் முன்பக்கம் நான் நின்றது அதுதான் முதல் தடவை. ஆண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருவன் மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டான்.

ஊர்ப் பெரியவர் தட்டை முன்னால் தள்ளினார். நான் குனிந்து படியைத் தட்டில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. தலையைத் திருப்பி, கொஞ்சம் தள்ளி நின்ற அண்ணனைப் பார்த்தார்.

"இன்னாப்பா, வாங்கிக்கலாமா?" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார்.

"அதான் உங்க அண்ணனே சரின்னுட்டாரே. சரிம்மா, வாங்கிக்கறேன்" என்று பெரியவர் கையை நீட்டினார்.

"அவரு வேணாம்னா வாங்க மாட்டீங்களா?" என்றேன்.

"அதான் சரின்னுட்டாரேம்மா, அப்பறம் இன்னா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவரு தலையாட்டலேன்னா என் வரிய வாங்க மாட்டீங்களா?"

அவர் மறுபடி அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். நான் தட்டிலிருந்து என் படியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

வேகமாக நடக்கவில்லை, வேண்டுமென்றேதான் மெதுவாக நடந்தேன். "நில்லும்மே, அது உன்னுது. என்னை இன்னாத்துக்குக் கேக்கறாங்க?" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், திரும்பிப் போயிருப்பேன். கொல்லையையும் மரத்தையும் அன்றோடு மறந்திருப்பேன், சத்தியமாக. கோயில் வாசலைத் தாண்டும்போது பின்னால் அண்ணன் குரல் கேட்டது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். அவர் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, வாங்கிக்கோங்க. என்னுது ஒண்ணு, பையனுது ஒண்ணு."